காரைக்குடிப் பக்கம் காலாற நடக்க: ஒரு பழைய லைன்மேன் சொல்லும் வழி

பொங்கல் லீவுக்கு ஊருக்கு வருகிற பிள்ளைகள் இரண்டாம் நாள் காலையிலேயே ஷூவை மாட்டிக்கொண்டு, "இங்க நடக்கிறதுக்கு எங்க போறது சித்தப்பா?" என்று கேட்பார்கள். பூங்கா என்றால் நகருக்குள் நாலு பெஞ்சும் ஒரு சறுக்குமரமும் இருக்கும். பத்துச் சுற்று சுற்றினால் தலை கிறுகிறுத்துவிடும். மலை என்றால் கொடைக்கானலுக்கு வண்டி பிடிக்க வேண்டும் என்று நினைப்பு. இரண்டும் வேண்டாம். செட்டிநாட்டில் ஊருக்கு ஊர் கண்மாய் இருக்கிறது. கண்மாய் இருந்தால் கரை இருக்கும். அந்தக் கரைதான் இந்தப் பக்கத்து நடைபாதை. அம்புக்குறி போட்ட பலகையும் டிக்கெட் கவுண்டரும் இல்லை என்பதால் யாருக்கும் அது கண்ணில் படுவதில்லை.

நான் மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து போர்மேனாக ஓய்வு பெற்றவன். மழைக்காலத்தில் சப்ளை போனால், எங்கே கம்பி அறுந்தது, எந்தக் கம்பத்தில் பீங்கான் வெடித்தது என்று நடந்துதான் பார்க்க வேண்டும். ரோடு போகிற வழியில் லைன் போகாது. வயல், பொட்டல், கருவைக்காடு, கண்மாய் உள்வாய் என்று எதையும் பார்க்காமல் நேர்கோட்டில் போகும். அதன் பின்னாலேயே போய்ப் போய்த்தான் இந்த வட்டாரத்துக் கரைகள் எனக்குப் பழக்கமாயின. அதனால் நான் சொல்வது உடற்பயிற்சி சாஸ்திரம் இல்லை. எந்த வழியாகப் போகலாம், எங்கே ஒதுங்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்பதுதான்.

கண்மாயைத் தேர்ந்தெடுப்பது

முதலில் ஒரு கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். நம் பக்கம் நிலம் மேற்கே உயர்ந்து, கிழக்கே கடலைப் பார்த்துச் சரிகிறது. மழைத்தண்ணீர் மேற்கிலிருந்து வரும். அதை மறிக்கத்தான் கரை போட்டார்கள். ஆகையால் பெரும்பாலான கண்மாய்களுக்குக் கரை கிழக்கே இருக்கும், தண்ணீர் அதற்கு மேற்கே நிற்கும். காலையில் கரைமேல் நின்று தண்ணீரைப் பார்த்தால் வெயில் முதுகுப் பக்கம் விழும். எதிரே இருக்கிற கொக்கு, நாரை, முக்குளிப்பான் எல்லாம் பளிச்சென்று தெரியும். சாயங்காலம் போனால் சூரியன் தண்ணீருக்கு மேலே நேர் எதிரே நிற்கும். பார்க்க அழகுதான், ஆனால் கண் கூசும், பறவைகள் கறுப்பு நிழலாக மட்டும் தெரியும். பறவை பார்க்கக் காலை, காற்று வாங்க மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வில் மாதிரி வளைந்த நீளக் கரையாகப் பாருங்கள். ஏந்தல் என்கிற சின்னக் கண்மாயைச் சுற்ற பத்து நிமிடம் போதும். நல்ல கண்மாய் என்றால் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்த் திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆக வேண்டும். கரையில் வரிசையாகப் பனை, நடுநடுவே வேம்பு, புளி, நாவல் இருந்தால் நிழலுக்குக் கவலையில்லை. சீமைக்கருவேலம் மண்டிய கரையை விட்டுவிடுங்கள். போகப்போகப் பாதை குறுகி, கடைசியில் முள்ளுக்குள் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டி வரும்.

மூன்றாவது, மடையும் கலுங்கும் எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். வயலுக்குத் தண்ணீர் விடுகிற இடம் மடை. நிறைந்து மிஞ்சிய தண்ணீர் வெளியேறுகிற இடம் கலுங்கு. பொதுவாகக் கலுங்கு கரையின் ஒரு கோடியில் இருக்கும். மடையில் ஆரம்பித்துக் கலுங்கில் முடிப்பது வசதியான நடை. கலுங்கில் உட்கார நல்ல கல்கட்டு இருக்கும், காற்றும் இருக்கும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறைந்து மறுகால் பாயும்போது மட்டும் அந்தக் கல்லைத் தாண்டி அக்கரைக்குப் போகாதீர்கள். கணுக்கால் அளவு தண்ணீர்தானே என்று தோன்றும். கல்லெல்லாம் பாசி, வேகமும் அதிகம், விழுந்தால் பிடித்து நிற்க ஒன்றும் இருக்காது.

கேட்டுவிட்டுப் போவது என்று ஒரு மரியாதை இருக்கிறது. கரை பொதுச்சொத்துதான், ஆனாலும் ஊருக்குப் புதிய முகம் விடிகாலையில் கரையில் தனியாகப் போனால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். டீக்கடையில் ஒரு டீ குடியுங்கள், வந்த விஷயத்தைச் சொல்லுங்கள், அது போதும். இல்லையென்றால் ஆடு மேய்க்கிறவர் யாராவது இருப்பார். அவரை விட விவரம் தெரிந்தவர் கிடையாது.

"ஐயா, இப்படியே போனா கலுங்கு வரைக்கும் போகலாமா?"

"தாராளமாப் போகலாம் தம்பி. ஆனா அந்த ரெட்டைப் பனைக்கு அங்கிட்டு முள்ளு அடைச்சுக் கெடக்கு. இங்கிட்டு வயக்காட்டுப் பக்கமா எறங்கி, வரப்புலயே போயி மறுபடி ஏறிக்கங்க."

இந்த இரண்டு வரி எந்த மேப்பிலும் வராது. போனில் மேப் வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் நீலமாகக் காட்டுகிற இடம் கோடையில் பொட்டலாக இருக்கும், பச்சையாகக் காட்டுகிற இடம் முழுக்க முள்ளாக இருக்கும்.

எப்போது போகலாம்

மார்கழி, தை, மாசி. இதுதான் நம் ஊருக்கு நடைக்காலம். மழை முடிந்திருக்கும், கண்மாயில் தண்ணீர் இருக்கும், காலையில் லேசாகப் பனி இருக்கும். பங்குனியில் பாதி நாள் தாங்கலாம். சித்திரை, வைகாசியில் காலை ஏழரை மணிக்கே வெயில் சுள்ளென்று ஏறும், செம்மண் பொட்டல் சூட்டைத் திருப்பி முகத்தில் அடிக்கும். அந்த மாதங்களில் ஐந்தேகாலுக்குக் கிளம்பி ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஆடியில் காற்று, கண்ணில் மண் விழும், மற்றபடி பரவாயில்லை.

தை மாதத்தில் ஒரு எச்சரிக்கை. இந்தப் பக்கம் மஞ்சுவிரட்டு நடக்கிற நாட்களில் அந்தந்த ஊர் வெளிப்புறத்தில் நடக்கப் போகாதீர்கள். சிராவயலில் தை மூன்றாம் தேதி நடக்கும். தொழுவிலிருந்து விடுகிற மாடு மட்டும்தான் என்று நினைக்கக் கூடாது. சுற்றிலும் வயலிலும் பொட்டலிலும் கட்டுமாடாக அவிழ்த்துவிடுவார்கள். வேடிக்கை பார்க்க வேண்டுமென்றால் மேடான இடத்திலோ வண்டி மேலோ நின்று பாருங்கள். அன்றைக்கு நடை வேண்டாம்.

கோடையில் தண்ணீர் வற்றும்போது சில கண்மாய்களில் மீன்பிடித் திருவிழா வைப்பார்கள். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், ஊத்தா, கச்சா என்கிற மீன்பிடி சாதனங்களும் வலையுமாகக் காத்திருந்த கூட்டம் மொத்தமாகச் சேற்றில் இறங்கும். விடிகாலையிலேயே நடக்கும். காதில் விழுந்தால் தவறவிடாதீர்கள். சிங்கம்புணரி, பொன்னமராவதி வட்டாரத்தில் அதிகம்.

காலுக்கும் பைக்கும்

கருவேல முள்ளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பக்கத்து நடையைப் பற்றிப் பேச முடியாது. கீழே உதிர்ந்து காய்ந்த குச்சியில் முள் நட்டுக்கொண்டு நிற்கும். மெத்தென்று இருக்கிற விலை உயர்ந்த ஓட்டப்பந்தய ஷூவை அது சர்வசாதாரணமாகத் துளைத்து உள்ளே வந்துவிடும். அடி கெட்டியான, சாதாரண கான்வாஸ் ஷூ நல்லது. எங்கள் ஆட்கள் அந்தக் காலத்தில் டயர் செருப்புப் போட்டார்கள், அதில் முள் ஏறியதே இல்லை. முள் குத்திவிட்டால் அப்படியே இழுக்காதீர்கள், நுனி உள்ளே ஒடிந்து நின்றுவிடும். உட்கார்ந்து, தண்ணீரால் நன்றாகக் கழுவி, சுற்றியுள்ள தோலை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்து, குத்திய கோணத்திலேயே ஊசியால் நெம்பி எடுக்க வேண்டும். பையில் ஒரு ஊசியும், அதைச் சுட ஒரு தீப்பெட்டியும் இருக்கட்டும். டிடி என்கிற தனுர்வாதத் தடுப்பு ஊசி போட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

கையில் ஒரு கம்பு கட்டாயம். நாய்க்கும் ஆகும், புல்லைத் தட்டவும் ஆகும், இறக்கத்தில் ஊன்றவும் ஆகும். ஓங்க வேண்டியதில்லை. கையில் இருக்கிறது என்று தெரிந்தாலே நாய்கள் நாலு அடி தள்ளி நின்று குரைத்துவிட்டுப் போய்விடும்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர், கோடையில் இரண்டு. சாப்பிட என்ன எடுத்துப் போகலாம் என்று கேட்டால் நான் மாவுருண்டைக்கு ஓட்டுப் போடுவேன். பாசிப்பருப்பை வறுத்து அரைத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துப் பிடித்தது. நசுங்காது, கெடாது, இரண்டு தின்றால் ஒரு மணி நேரம் தாங்கும். பலகாரம் செய்து விற்கிற வீடுகள் காரைக்குடியில் நிறைய இருக்கின்றன. ஆச்சிகளிடம் முந்தின நாளே சொல்லி வைத்தால் புதிதாகப் பிடித்துக் கொடுப்பார்கள்.

கதண்டு, பாம்பு, இடி, குழி

பயமுறுத்துவதற்காக இல்லை. இந்த நாலும் தெரிந்தால் மற்றதெல்லாம் சின்ன விஷயம்.

வெளியூர்க்காரர்கள் பாம்புக்குப் பயப்படுவார்கள். நாங்கள் கதண்டுக்குத்தான் பயப்படுவோம். குளவிக்குப் பெரியண்ணன். பனைமரத்தில் மட்டைக்கு அடியில், சில நேரம் தாழ்ந்த புதரிலும் கூடு கட்டும். தூரத்திலிருந்து பார்த்தால் மரத்தில் மண்பானையைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். கொஞ்சம் கிட்டே வந்தால் பழுப்பும் வெள்ளையுமாக அலையலையாகக் கோடு ஓடுவது தெரியும். அது தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றாலே வந்தது அதிகம், சத்தமில்லாமல் திரும்பிவிடுங்கள். கல் எறிவது, புகை போடுவது, பனைமட்டையை இழுப்பது, எதுவும் கூடாது. காற்று பலமாக அடித்து மட்டை உரசினாலே சில நேரம் கலையும். கலைந்து வந்தால் நின்று கையை வீசி அடிக்காதீர்கள். துண்டால் முகத்தையும் தலையையும் மூடிக்கொண்டு, நேராக, எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் ஓடுங்கள். வீடோ காரோ கிடைத்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்துங்கள். ஒன்றிரண்டு கொட்டினால் வலியோடு போகும். நிறையக் கொட்டியிருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, உதடு முகம் வீங்கினாலோ, சுண்ணாம்பு தடவிக்கொண்டு உட்காராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதில் ஆள் போன கதைகள் இந்தப் பக்கம் உண்டு. கூட்டைப் பார்த்தால் ஊரில் சொல்லுங்கள், தீயணைப்புத் துறைக்கு அவர்கள் தகவல் கொடுப்பார்கள்.

பாம்பைப் பொறுத்தவரை, கரையின் நடுவில், தரை தெரிகிற இடத்தில் நடந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. கம்பைத் தரையில் ஊன்றி ஊன்றிப் போனால் அதிர்வில் அதுவே விலகும். மழைக்காலத்தில் கரைப்புல்லில் கண்ணாடி விரியன் சுருண்டு கிடக்கும். அது எளிதில் விலகாது, சீறும். சீறல் சத்தம் கேட்டால் அந்த இடத்திலேயே நின்று, எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பின்னால் வாருங்கள். இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்கவே கூடாது, கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடுவது. கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையை, காலை அசைக்காமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு நேராக அரசு ஆஸ்பத்திரி.

இடியைப் பற்றி என் தொழில் அனுபவத்தில் சொல்கிறேன். பொட்டலில் உயரமாக நிற்பது பனையும் கம்பமும்தான், இடி தேடுவதும் அவற்றைத்தான். கண்மாய்க் கரை தரையை விட உயரம், அதன்மேல் பனை. இடி முழங்கும்போது நிற்க அதை விட மோசமான இடம் கிடையாது. மேற்கே கறுத்து முதல் முழக்கம் கேட்டதுமே கரையை விட்டு இறங்கி, கட்டடத்துக்கோ காருக்கோ போய்விடுங்கள். மழை விட்ட பிறகு நடக்கும்போது அறுந்து கிடக்கிற கம்பியைப் பார்த்தால், கரண்ட் இருக்காது என்று யார் சொன்னாலும் கிட்டே போகாதீர்கள். ஈரத் தரையிலும் மின்சாரம் பாயும். நல்ல தூரத்தில் நின்றுகொண்டு, வேறு யாரையும் ஆடுமாட்டையும் அண்டவிடாமல், மின்னகம் எண் 94987 94987-க்குப் போன் செய்யுங்கள். இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள்.

குழி என்று நான் சொல்வது கண்மாய்க்குள் மண் அள்ளிய பள்ளம். கோடையில் வெறும் பள்ளமாகத் தெரியும். மழை பெய்து தண்ணீர் நின்றதும் மேலே எல்லாம் ஒரே மட்டம், முழங்கால் தண்ணீரில் நடக்கிறவர் அடுத்த எட்டில் ஆளை விழுங்குகிற ஆழத்துக்குப் போய்விடுவார். குளிக்க, கால் நனைக்க ஆசைப்பட்டால் ஊர்க்காரர்கள் குளிக்கிற படித்துறையில் மட்டும் இறங்குங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கு இதை இரண்டு தடவை சொல்கிறேன். குடிதண்ணீர் ஊருணிகளில் கால் நனைக்கவே கூடாது, அது வேறு விஷயம். அங்கே ஊரே சண்டைக்கு வரும், வருவது நியாயமும்தான்.

கோயில் காட்டுக்குள்

கரையில் போனால் எப்படியும் ஒரு அய்யனார் கோயிலோ கருப்பர் மேடையோ வரும். சுற்றிலும் மரம் அடர்ந்திருந்தால் அது கோயில் காடு. வெளியே எல்லாம் கருவையும் தைல மரமுமாக மாறிப்போன இடத்தில், பழைய மரங்களைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும். காய்ந்த குச்சியைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகாத வழக்கம் உள்ள காடுகள் உண்டு, நீங்களும் எதையும் ஒடிக்காதீர்கள், எடுக்காதீர்கள். எல்லை ஆரம்பிக்கிற இடத்தில் செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கும். சில இடங்களில் பெண்கள் உள்ளே போவதில்லை என்ற கட்டுப்பாடும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆனாலும் கேட்டுவிட்டுப் போவது நல்லது என்பதால் சொல்கிறேன். வரிசையாக நிற்கிற மண் குதிரைகள், புரவி எடுப்பு என்கிற மண் குதிரைத் திருவிழாவின்போது நேர்த்திக்கடனாக வைத்தவை. ஒரு பக்கம் புதிதாக வண்ணம் பூசியவை நிற்கும், இன்னொரு பக்கம் தலை போய், கால் போய், செடி முளைத்தவை கிடக்கும். உடைந்துதானே கிடக்கிறது என்று ஒரு தலையை எடுத்துப் பைக்குள் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். போடாதீர்கள்.

ரயிலில் போய் நடக்க

திருச்சி காரைக்குடி ரயில் பாதையில் திருமயம், செட்டிநாடு, கோட்டையூர் என்று வரிசையாக ஸ்டேஷன்கள் இருக்கின்றன. எல்லா வண்டியும் நிற்காது, பாசஞ்சர் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். செட்டிநாடு ஸ்டேஷனில் இறங்கிக் கானாடுகாத்தானுக்கு நடந்தே போகலாம். தெருக்கள் நூல் பிடித்தது போல நேராக இருக்கும். ஒரு வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். அதனால் குறுக்குத் தெருவில் நடந்தால் ஒரே வீட்டின் பக்கச் சுவர் முடியாமல் வந்துகொண்டே இருக்கும். அந்தச் சுவர்தான் நிழல், ஒன்பது மணி வரை ஒரு பக்கம் வெயிலே படாது. வாசல்களை மட்டும் பார்த்துக்கொண்டு போகாமல், கூரைத் தண்ணீர் இறங்குகிற குழாய்களையும் தெருவோர வடிகால்களையும் பின்தொடர்ந்து பாருங்கள். வீட்டு முற்றத்தில் விழுந்த மழை எப்படி ஊருணிக்குப் போய்ச் சேர்கிறது என்பது புரியும். இந்த ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-ல் சேர்த்தார்கள். எனக்கென்னவோ மாளிகையைவிட இந்த வடிகாலுக்குத்தான் பரிசு கொடுக்க வேண்டும் என்று தோன்றும். பூட்டிய வீட்டுத் திண்ணையில் உட்காரலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆள் இருக்கிற வீட்டுக்குள் கேட்காமல் எட்டிப் பார்க்காதீர்கள்.

திருமயத்தில் இறங்கினால் கோட்டை. ராமநாதபுரம் சேதுபதி 1687-ல் கட்டியது, உள்ளூரில் ஊமையன் கோட்டை என்பார்கள். ஏழு சுற்று மதிலில் இப்போது நாலுதான் மிச்சம். மேலே பீரங்கி இருக்கிற கொத்தளம் வரை ஏறலாம். ஏறுகிற வழியில் பாறையைக் குடைந்து ஒரு லிங்கம் இருக்கிறது, இரும்பு ஏணியில் ஏறிப் பார்க்க வேண்டும். பாறை வெறும் பாறை, நிழல் கிடையாது, கோட்டை திறந்ததும் ஏறிவிடுங்கள். கீழே சிவனுக்கும் பெருமாளுக்கும் பக்கத்துப் பக்கத்தில் குடைவரைக் கோயில்கள். நடை சாத்துவதற்குள் அதையும் பார்த்துவிடலாம்.

வேட்டங்குடி

பறவை பார்க்கிற ஆசை இருந்தால், கார்த்திகையிலிருந்து மாசிக்குள் ஒரு காலையை வேட்டங்குடிக்கு ஒதுக்குங்கள். திருப்பத்தூரிலிருந்து மதுரை போகிற வழியில் கொள்ளுக்குடிப்பட்டியில் இருக்கிறது. பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்களைச் சேர்த்து 1977-ல் சரணாலயம் ஆக்கினார்கள். மொத்தம் 38.4 ஹெக்டேர்தான், நடக்கிற தூரம் கம்மி. நடப்பதற்கு அங்கே போகாதீர்கள், நிற்பதற்குப் போங்கள்.

தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரங்களில் கிளைக்குக் கிளை கூடு. மேலே சாம்பல் நாரை, இடையில் உண்ணிக்கொக்கு, வக்கா, நீர்க்காகம், ஈரச் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு பாம்புத்தாரா. நத்தைகுத்தி நாரையை மட்டும் பொறுமையாகப் பாருங்கள். வாயை மூடினாலும் அதன் மேலலகுக்கும் கீழலகுக்கும் நடுவே பாக்குவெட்டியில் இருக்கிற மாதிரி ஒரு சந்து தெரியும். தண்ணீருக்குள் தலையைவிட்டு நத்தையைப் பிடித்து, ஓட்டை உடைக்காமலேயே அலகு நுனியை உள்ளே செருகிச் சதையை வெட்டி எடுத்துவிடும். பைனாகுலர் இருந்தால் இதைக் கரையிலிருந்தே பார்க்கலாம்.

இந்த ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கல்யாணம், திருவிழாவுக்கும் வேட்டு கிடையாது. அப்படிப்பட்ட ஊருக்குப் போய்ப் புளூடூத் ஸ்பீக்கரில் பாட்டுப் போடுகிறவர்களை என்ன சொல்வது. சத்தம் வேண்டாம், சிவப்பு மஞ்சள் சட்டை வேண்டாம், டிரோன் வேண்டவே வேண்டாம். மழை பொய்த்த வருஷம் கண்மாயில் தண்ணீர் இருக்காது, பறவையும் இருக்காது. கிளம்பும் முன் திருப்பத்தூர்ப் பக்கம் தெரிந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மலை ஏற

குன்றக்குடி ஏற்றம் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் ஏற்றது. நல்ல படிகள், மேலே சண்முகநாதர், மருது சகோதரர்கள் திருப்பணி செய்த கோயில். கூட்டம் மேலேயே பார்த்துவிட்டு இறங்கிவிடும், அடிவாரத்தில் மேற்குப் பக்கம் பாண்டியர் காலத்துக் குடைவரைகள் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. மலையைச் சுற்றி வந்தால் மயில் நிச்சயம் கண்ணில் படும். அங்கிருந்து பிள்ளையார்பட்டி கூப்பிடு தூரம்தான், நடந்தே போய்விடலாம், ஆனால் ரோட்டில் வண்டி அதிகம்.

உண்மையான மலையேற்றம் வேண்டுமென்றால் பிரான்மலை. சிங்கம்புணரிக்கு அருகே, சுமார் 2,500 அடி. பாரி ஆண்ட பறம்பு மலை இதுதான். அடிவாரத்தில் சம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றம், மேலே போகிற வழியெல்லாம் பழைய கோட்டையின் மிச்சம், உச்சியில் ஒரு தர்கா. இந்துவும் முஸ்லிமும் ஒரே பாதையில்தான் ஏறுகிறார்கள்.

காரைக்குடியில் நாலு மணிக்குக் கிளம்பினால் விடிகிற நேரத்துக்கு ஏற ஆரம்பிக்கலாம். வழக்கமாக நடக்கிறவருக்கு இரண்டு மணி நேர ஏற்றம். கொஞ்ச தூரம் படி மாதிரி இருக்கும், அப்புறம் பாறையும் சரளையும்தான். ஏறும்போது மூச்சுதான் வாங்கும், இறங்கும்போதுதான் முழங்கால் கேட்கும். சரளையில் குதிங்காலை முதலில் வைக்காமல் முழுப் பாதத்தையும் பதித்து, குறுக்காக, வளைந்து வளைந்து இறங்குங்கள். கம்பு இங்கேதான் தன் விலையைக் காட்டும். மேலே கடை எதுவும் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், இரண்டு லிட்டர் தண்ணீர் சுமந்துதான் ஆக வேண்டும். தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் குரங்கு பறிக்கும், பைக்குள் வையுங்கள். தனியாகப் போக வேண்டாம், மூன்று பேராவது வேண்டும், ஒருவருக்குக் கால் சுளுக்கினால் ஒருவர் கூட இருக்க, ஒருவர் ஆள் கூப்பிட. மூலிகை என்று எதையாவது பிடுங்கி வாயில் போடுகிற வேலையும் வேண்டாம். மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும், இரண்டு நாள் காயவிட்டுப் போங்கள். பத்து மணிக்குள் இறங்கிவிட்டால் கோயில் நடை திறந்திருக்கும்போதே உள்ளே போய்க் காலாற உட்காரலாம்.

நீள நடை

ஒரே மூச்சில் நீண்ட தூரம் நடந்து பழக ஆசைப்படுகிறவர்களுக்குத் தை மாதத்தில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழநிக்கு நடந்தே போகும். தலைமுறை தலைமுறையாக நடக்கிற வழி. வேண்டுதல் இல்லாதவர்களும் காரைக்குடியிலிருந்து குன்றக்குடி வரை கூடவே நடக்கலாம், சுமார் பத்துக் கிலோமீட்டர். வழியெல்லாம் மோர், பானகம், இட்லி என்று கொடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

வருஷா வருஷம் நடக்கிறவர்களிடமிருந்து நான் கற்றுக்கொண்டது கால் பராமரிப்பு. முந்தின ராத்திரி பாதத்திலும் விரல் இடுக்கிலும் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு படுப்பார்கள். உட்கார்ந்தால் காலை நீட்டி உயரமாக வைப்பார்கள். கொப்புளம் வந்தால் உடைக்காமல் துணி சுற்றிக்கொண்டு நடப்பார்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓய்வு எடுக்க மாட்டார்கள், உடம்பு ஆறிவிட்டால் மறுபடி கிளம்புவது கஷ்டம் என்பார்கள்.

விடியுமுன் ரோட்டில் நடப்பதால் பின்னால் ஒளி பிரதிபலிக்கிற ஸ்டிக்கர் ஒட்டிய துணியோ, வெள்ளைச் சட்டையோ அவசியம். வலது ஓரமாக, எதிரே வருகிற வண்டியைப் பார்த்தபடி நடங்கள். கூட்டமாகப் போகும்போது போலீஸ் வேறு பக்கம் திருப்பிவிட்டால் அதையே கேளுங்கள். போகும்போது நடை, திரும்பும்போது குன்றக்குடியிலிருந்து காரைக்குடிக்கு டவுன் பஸ். அன்றைக்கு உட்கார இடம் கிடைக்காது, நின்றுகொண்டுதான் வர வேண்டியிருக்கும்.